கணப்பு மரத்துக் கிதாரும் அதன் நகல்களும்

மின்கிதாரின் வரலாற்றில் இரண்டு திருப்பங்கள் முதன்மையானவை. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம்ப், அடால்ஃப் ரிக்கன்பேக்கர் ஆகிய இருவரும், காந்தத்தையும் செப்புக்கம்பிச் சுருளையும் சேர்த்து எஃகுத் தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் ‘பிக்கப்’ என்னும் உறுப்பைக் கிதாரில் பொருத்திச் சந்தைக்குக் கொண்டுவந்தது முதல் திருப்பம். 1950களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர், குடம்போல் உட்குழிந்த உடலைக் கைவிட்டு, பலகையை வெட்டியெடுத்த திண்மமான உடலில் கழுத்தைத் திருகாணிகளால் முடுக்கிக் கிதார் செய்தது இரண்டாவது. ஒலியைப் பெருக்கும் வேலை மரக்குடத்திடமிருந்து மின்னணுவியலுக்குக் கைமாறிவிட்டதால், மெல்லிய பலகையை வளைத்து ஒட்டும் நுண்கலை இல்லாமலே கிதார் செய்ய முடியும் என்றாயிற்று. பெருந்தொகை உற்பத்திக்காக எளிமையாக்கப்பட்ட அந்த வடிவம், ரம்பமும் உளியும் பற்றவைக்கும் கோலும் வைத்திருந்த எவரும் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய வடிவமாகவும் அமைந்தது. புகழ்பெற்ற கிதார்களின் நகலை வீட்டில் செய்யும் வழக்கம் இந்த எளிமையிலிருந்தே கிளைத்தது.

அவ்வழக்கத்தின் வரலாற்றை ஆராய மிகப் பொருத்தமான சான்று, தொழிற்சாலையில் பிறக்காமல் வீட்டு அறையிலேயே செய்யப்பட்டுப் பின்னர் உலகெங்கும் நகலெடுக்கப்பட்ட ‘ரெட் ஸ்பெஷல்’ என்னும் கிதாராகும். குவீன் இசைக்குழுவின் கிதார்க் கலைஞர் பிரையன் மே, தம் பதினாறாம் வயதில், 1963 ஆகஸ்டில், தந்தை ஹெரால்ட் மேயுடன் சேர்ந்து லண்டனின் மேற்குப் புறநகரான ஃபெல்தமில் இதைச் செய்யத் தொடங்கினார். வேலை முடிய ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

இந்த முயற்சிக்குக் காலமும் இடமும் காரணமாயின. போருக்குப் பிந்தைய பிரிட்டன், அந்நியச் செலாவணி நெருக்கடியால் 1951 முதல் 1959 வரை அமெரிக்க இசைக்கருவிகளின் இறக்குமதியைத் தடுத்து வைத்திருந்தது. அந்த ஆண்டுகளிலேதான், வீட்டுப் பொருள்களைக் கொண்டே வாசிக்கக்கூடிய ‘ஸ்கிஃபிள்’ என்னும் எளிய இசை இளைஞரிடையே பரவி, தேயிலைப் பெட்டியில் கம்பும் கயிறும் கட்டிய தாழ்சுருதிக் கருவிகளைத் தெருத்தெருவாகத் தோற்றுவித்தது. தடை நீங்கியபின் ஃபெண்டர் கிதார்கள் கடைக்கு வந்தாலும், நடுத்தரக் குடும்பத்து மாணவனுக்கு அவற்றின் விலை எட்டவில்லை. ஆயினும் குடும்பத்தின் தொலைக்காட்சிப் பெட்டியையே தம் கையால் செய்திருந்த மின்னணுப் பொறியாளர் ஒருவர் வீட்டில் இருக்கும்போது, வாங்க முடியாத கருவியைச் செய்துகொள்வது வியப்புக்குரிய முடிவாக இருந்திருக்காது.

செய்பொருள்கள் அனைத்தும் கைக்கெட்டிய தொலைவிலிருந்தே வந்தன. கழுத்துக்கு, அதாவது வீணையில் தண்டி எனப்படும் பகுதிக்கு, குடும்ப நண்பர் ஒருவர் வீசியெறியவிருந்த பழைய கணப்பின் மகாகனிச் சட்டம் பயன்பட்டது. நூறாண்டைக் கடந்த அந்த மரத்தில் புழு துளைத்த ஓட்டைகள் இருந்தன. அவற்றுள் தீக்குச்சிகளைச் செருகி அடைத்தனர். உடலின் நடுப்பகுதி பழைய ஓக் மேசையிலிருந்து வந்தது. அதைச் சுற்றிலும், சிறு மரத்துண்டுகளை இரு மெல்லிய பலகைகளுக்கிடையே ஒட்டிச் செய்த பிளாக்போர்டு சேர்ந்தது. மேலும் கீழும் மகாகனி வெனீர் என்னும் மெல்லிய மரத்தோல் ஒட்டப்பட்டு, அதன்மேல் பூசிய சாயமும் மெருகுமே கருவிக்குச் செந்நிறத்தையும் பெயரையும் தந்தன. மெட்டுகளின் இடத்தைக் காட்டும் வெண்புள்ளிகள் தாயாரின் தையற்பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள்.

பொருள் பழையதாயினும் அளவில் பழமைக்கு இடமில்லை. வீணையைப் போலவே இக்கிதாரிலும் 24 மெட்டுகள் உண்டு. ஆனால் வீணையில் மெட்டுகளை மெழுகில் பதித்துச் செவியால் சரிபார்த்து நகர்த்த முடியும், கிதாரிலோ மரத்தில் வாளால் அறுத்த பள்ளத்தில் உலோகக் கம்பி இறங்கிவிட்டால் அது அங்கேயே நிலைத்துவிடும். ஒரு தாயியைப் பன்னிரண்டு சமக் கூறுகளாகப் பிரிக்கும் மேற்கத்திய முறையில், ஒவ்வொரு மெட்டும் எஞ்சிய தந்தி நீளத்தில் ஏறத்தாழ 17.817இல் ஒரு பங்கு தள்ளி அமையவேண்டும். ரெட் ஸ்பெஷலில் தந்தியின் அதிரும் நீளம் 24 அங்குலம், அதாவது 609.6 மில்லிமீட்டர். இதன்படி முதல் மெட்டு 34.2 மில்லிமீட்டரிலும், பன்னிரண்டாவது சரிபாதியிலும், இருபத்துநான்காவது முக்கால் பங்கிலும் விழும். ஃபெண்டரின் 25.5 அங்குல அளவைவிடக் குறுகலான இந்நீளத்தால் தந்தியின் விறைப்பு குறைந்து, அதை விரலால் பக்கவாட்டில் இழுத்துச் சுருதியை உயர்த்துவது எளிதாயிற்று.

நகல் செய்வோரை இன்றளவும் சோதிக்கும் உறுப்பு, தந்திகள் அனைத்தையும் ஒருசேரத் தளர்த்தியும் இறுக்கியும் சுருதியை அசைக்கும் ‘டிரெமலோ’ அமைப்பாகும். இதன் இலக்கணம் சொல்வதற்கு எளிது: தந்திகளின் இழுவிசை ஒருபுறமும் சுருள்வில்லின் எதிர்விசை மறுபுறமும் நிற்க, நெம்புகோலை விட்டவுடன் இரண்டும் பழைய சமநிலைக்கே திரும்பவேண்டும். சுழலும் இடத்தில் சிறிது உராய்வு இருந்தாலும் தந்திகள் பழைய சுருதிக்கு வந்து சேராமல் அரைகுறையாக நின்றுவிடும். தந்தையும் மகனும் இதற்குத் தராசின் வழியைப் பின்பற்றினர். நகைக்கடைத் தராசின் துலாக்கோல் கூர்விளிம்பின்மேல் அசைவதைப் போல, பழைய கத்தி ஒன்றின் கடினமான எஃகை ‘வி’ வடிவில் தீட்டி, அந்த விளிம்பின்மேலேயே முழு அமைப்பையும் அசையவிட்டனர். எதிர்விசைக்கு 1928ஆம் ஆண்டுப் பாந்தர் மோட்டார்சைக்கிளின் வால்வுச் சுருள்விற்கள் இரண்டு, நெம்புகோலுக்குச் சைக்கிள் பையைத் தாங்கும் கம்பி, அதன் நுனிக்குத் தாயாரின் பின்னல் ஊசி என ஒவ்வொன்றும் வேறு வாழ்வு வாழ்ந்து வந்த பொருள்கள். தந்திகள் தங்கிச் செல்லும் குதிரையிலும் சிறு உருளைகள் வைக்கப்பட்டதால், தந்தி நகரும்போது அவையும் உருண்டு உராய்வைக் குறைத்தன.

பிக்கப் செய்வதில் முதல் முயற்சி முழு வெற்றி பெறவில்லை. கடையில் கிடைத்த பொத்தான் வடிவக் காந்தங்களைச் சுற்றி மெல்லிய செப்புக்கம்பியைக் கையால் சுற்றிச் செய்த பிக்கப்புகள் நன்றாகவே ஒலித்தன. ஆனால் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தவுடன் ஒலி கரகரத்தது. காந்தத்தின் மேல்முகத்திலேயே வடமுனையும் தென்முனையும் அருகருகே இருந்ததால், இழுக்கப்பட்ட தந்தி ஒரு முனையின் புலத்திலிருந்து மறுமுனையின் புலத்துக்குத் தாவியதே இதற்குக் காரணம். ஆகவே பர்ன்ஸ் என்னும் ஆங்கிலேய நிறுவனத்தின் ‘டிரைசானிக்’ பிக்கப்புகள் மூன்றை, ஒன்று 3 கினி விலையில் (ஒரு கினி என்பது 21 ஷில்லிங்) வாங்கிப் பொருத்தினர். சுருளின் கம்பிகள் உரத்த ஒலியில் தாமே அதிர்ந்து ஊளையிடாதிருக்க, அவற்றின் உள்ளே அரால்டைட் பசையை ஊற்றி இறுகச் செய்தனர்.

இக்கிதாரின் குரலைத் தனித்து அடையாளம் காட்டுவது, பிக்கப்புகள் இணைக்கப்பட்ட முறைதான். வழக்கமான கிதார்களில் பிக்கப்புகள் பக்க இணைப்பில் இருக்க, இதில் அவை டார்ச் விளக்கின் பேட்டரிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரிணைப்பில் உள்ளன. எனவே அவற்றின் மின்னழுத்தங்கள் கூடி ஒலி தடிக்கிறது. ஒவ்வொரு பிக்கப்புக்கும் இரு சுவிட்சுகள் உண்டு. ஒன்று அதை இயக்கவும் நிறுத்தவும், மற்றொன்று அதன் மின்குறிப்பைத் தலைகீழாகத் திருப்பவும் பயன்படும். இரு பிக்கப்புகளுள் ஒன்றைத் திருப்பினால், இரண்டுக்கும் பொதுவான அடிச்சுரம் பெரிதும் கழிந்து, மேல்நாதங்கள் மட்டும் மூக்கொலிபோல் மெலிந்து கேட்கும். தனித்தனியே மூன்று, இரண்டிரண்டாக ஆறு, மூன்றும் சேர்ந்து நான்கு என வேறுபட்ட 13 இணைவுகள் இந்த ஆறு சுவிட்சுகளிலிருந்து கிடைக்கின்றன.

1973இல் வெளிவந்த குவீன் குழுவின் முதல் இசைத்தட்டிலிருந்து இக்கருவியே மேயின் முதன்மைக் கருவியாயிற்று. பிளாஸ்டிக் மீட்டுகோலை விடுத்து ஆறு பென்ஸ் நாணயத்தின் விளிம்பால் அவர் இதை மீட்டினார். 1985 ஜூலை 13 அன்று லண்டன் வெம்பிளி அரங்கில் நடந்த ‘லைவ் எய்ட்’ நிகழ்ச்சியில் உலகத் தொலைக்காட்சிகளில் இது தோன்றியது. 2002 ஜூனில், அரசியின் பொன்விழாவை ஒட்டி, பக்கிங்காம் அரண்மனையின் கூரைமேல் நின்று மே நாட்டுப்பண்ணை வாசித்தபோதும் அவர் தோளில் தொங்கியது இதுவே. கணப்புச் சட்டத்தின் வாழ்வில் இதைவிட உயர்ந்த இடம் இருந்திருக்க வாய்ப்பில்லை.

புகழ் வந்தபின் நகல் வேண்டியவர்களுள் முதல்வர் கருவியின் உடையவரே; ஒரே ஒரு கருவியை நம்பி உலகச் சுற்றுப்பயணம் செல்வது இடர்மிக்கது. 1970களில் பர்மிங்காமின் கிதார் வினைஞர் ஜான் பர்ச் செய்த நகல் மேடையில் மாற்றுக்கருவியாக நின்றது. 1980களின் நடுவில் அமெரிக்காவின் கில்டு நிறுவனம் விற்பனைக்கென ஒரு வடிவத்தை வெளியிட்டபோது, வெளித்தோற்றம் மூலத்தை ஒத்திருந்தாலும், கத்திவிளிம்பு டிரெமலோவுக்குப் பதில் சந்தையில் கிடைத்த ஆயத்த அமைப்பும், டிரைசானிக்குக்குப் பதில் வேறு பிக்கப்புகளும் பொருத்தப்பட்டிருந்தன. மோட்டார்சைக்கிள் வால்வு வில்லைத் தொழிற்சாலையின் பாகப்பட்டியலில் சேர்ப்பது எளிதன்று. இதற்கு மாறாக, ஆஸ்திரேலிய வினைஞர் கிரெக் ஃபிரையர் 1990களின் நடுவில் மூலக்கருவியை நுணுகி அளந்து மூன்று நகல்களைச் செய்தார்; அவ்வாறு பெற்ற அறிமுகமே, 1998இல் மூலத்தையே பழுதுபார்த்துப் புதுப்பிக்கும் பொறுப்பை அவரிடம் சேர்த்தது. 2014இல் மே இக்கிதாரைப் பற்றிச் சைமன் பிராட்லியுடன் சேர்ந்து எழுதிய நூல், கருவியின் உறுப்புகளைப் பிரித்த நிலையில் காட்டியதோடு ஊடுகதிர்ப் படங்களையும் வெளியிட்டதால், உடலின் உள்ளே ஒளிந்திருந்த வெற்றிடங்களின் வடிவமும் பொதுச்சொத்தாயிற்று.

வீட்டில் நகல் செய்வோர் இத்தகைய அளவுகளையும் படங்களையும் கொண்டு வேலையைத் தொடங்குகின்றனர். அவர்களின் பாதை மேயின் பாதைக்கு நேர் எதிரானது. மே கையில் கிடைத்ததைக் கொண்டு கருவியைச் செய்தார். நகல் செய்பவரோ, மேயின் கையில் தற்செயலாகக் கிடைத்ததைத் தேடி அலைகிறார். பெரிய இலை மகாகனி அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கைக்குள் 2003இல் வந்துவிட்டதால், முதிர்ந்த மகாகனி வேண்டுவோர் பழைய அலமாரிகளையும் கட்டில்களையும் நாடவேண்டியுள்ளது. 1980இல் செல்லாதென அறிவிக்கப்பட்ட ஆறு பென்ஸ் நாணயத்தைப் பழம்பொருள் கடையில் வாங்கவேண்டியுள்ளது. குப்பைக்குப் போகவிருந்தவை இவ்வாறு அருங்கலப் பொருள்களாகிவிட்டன.

நகல் எதுவரை செல்லவேண்டும் என்ற கேள்வி இங்கே எழுகிறது. இதே வகையைச் சேர்ந்த இன்னொரு கருவி, ராக் கிதார்க் கலைஞர் எடி வான் ஹேலன் 1970களில் வெவ்வேறு கிதார்களின் பாகங்களைக் கோத்துச் செய்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ ஆகும். 2007இல் ஃபெண்டர் நிறுவனம் அதன் நகல்களை 300 என்ற வரம்புக்குட்பட்டு வெளியிட்டபோது, மூலத்தின் கீறல்களும் தீய்ந்த வடுக்களும், டிரெமலோ அடியில் முட்டுக்கொடுக்கச் செருகிய 1971ஆம் ஆண்டுக் கால் டாலர் நாணயமும்கூட அப்படியே பெயர்க்கப்பட்டன. அதாவது கருவியின் அமைப்போடு அதன் வாழ்க்கை வரலாறும் நகலெடுக்கப்பட்டது. ரெட் ஸ்பெஷலுக்கு இந்நெறியைப் பொருத்தினால், புழு தீண்டாத புதுமரத்தில் துளையிட்டுத் தீக்குச்சியால் அடைக்கவேண்டிவரும். அத்துளை ஒலியில் எந்த வேறுபாட்டையும் உண்டாக்காது. கத்திவிளிம்பில் அரை மில்லிமீட்டர் பிழையோ சுருதியைக் குலைத்துவிடும். தேர்ந்த நகல்காரர் தம் உழைப்பைச் செலவிடுவது இவ்விரண்டாவது இடத்திலேயே.

மூலத்திலேயே முடிவுறாத வேலை ஒன்றும் உண்டு. உடலின் மேற்பகுதியில், வெனீருக்கு அடியில், ஒலியறையாக ஒரு வெற்றிடம் குடையப்பட்டிருக்கிறது. பெருக்கியின் ஒலி உடலை மீண்டும் அதிரவைத்து நாதத்தை நீட்டவேண்டும் என்பது மேயின் நோக்கம். வயலினில் உள்ளதுபோன்ற வளைந்த துளை ஒன்றை அவ்வறைக்கு மேலே வெட்டவும் அவர் எண்ணியிருந்தார். ஆனால் அத்துளை இறுதிவரை வெட்டப்படவே இல்லை. வரைபடத்தை நம்பி அதை வெட்டும் நகல்காரர் மேயின் எண்ணத்துக்கு உண்மையாக இருப்பார், கருவிக்கு இருக்கமாட்டார். வெட்டாது விடுபவரின் நிலை இதற்கு நேர்மாறு. அறுபது ஆண்டுகளாக மூடியே இருக்கும் அந்தப் பலகையின்மேல் வாளை வைப்பதா வேண்டாமா என்பதை மட்டும், பதினாறு வயதில் மேயைப் போலவே, ஒவ்வொருவரும் தாமே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.