ரிவெர்ப் டாங்க்: இரண்டாவது எழுத்து

வீட்டில் செய்த கிட்டார் ஆம்ப்ளிஃபயருக்கு ஸ்பிரிங் ரிவெர்ப் டாங்க் வாங்கி ஏமாந்தேன். நீளம் சரி, ஸ்பிரிங்கும் இரண்டு. ஆனால் எதிர்முழக்கம் முனகல் மாதிரிதான் வந்தது. காரணம் தேடப்போய் அதன் வரலாற்றில் இறங்கிவிட்டேன்.

தொலைதூரத் தொலைபேசித் தடத்தில் குரல் தாமதமாவதைச் செயற்கையாக உண்டாக்கிப் பார்க்க, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்பிரிங்குகளைப் பயன்படுத்தினார்கள். லாரன்ஸ் ஹாம்மண்ட் அந்த யோசனையைத் தன் ஆர்கனுக்கு எடுத்துக்கொண்டார். பெரிய தேவாலயத்தில் முழக்கம் தானாக வரும்; வீட்டுக் கூடத்தில் எங்கிருந்து வரும்? 1960களில் அதே வகைத் தகரப்பெட்டி ஃபெண்டரின் கிட்டார் ஆம்ப்களுக்குள் நுழைந்தது.

ஃபெண்டர் சர்க்யூட்டில் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர்தான் டாங்க்கை இயக்கும். அதற்கு 8 ஓம் டாங்க் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் வால்விலிருந்தே நேராக இயக்கும் சர்க்யூட்டுகளுக்கு 1475 ஓம். பெட்டியின் மேல் 4ஏபி3சி1பி என்பதுபோல ஒரு குறியீடு இருக்கும். முதல் எண் '4' என்றால் நீளமான, இரண்டு ஸ்பிரிங் வகை. '3' என்றால் முழக்கம் நெடுநேரம் நிற்கும். இரண்டாவது எழுத்துதான் உள்ளீட்டு மின்மறுப்பு: ஏ என்றால் 8, எஃப் என்றால் 1475.

என் சர்க்யூட் ஃபெண்டர் வகை. வாங்கியது எஃப்! நீளமும் ஸ்பிரிங்கும் ஒலியின் குணத்துக்கு. ஒலி வருமா என்பது அந்த ஓர் எழுத்தில் இருக்கிறது. முதலில் சர்க்யூட்டைப் பாருங்க, அப்புறம் கடைக்குப் போங்க.