இயற்கை எரிவாயு: தானாகத் தீப்பற்றல்

சுடரோ பொறியோ படாமல், சூட்டினால் மட்டுமே எரிவாயு பற்றிக்கொள்வதைத் தானாகத் தீப்பற்றல் என்பர். இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதி மீத்தேன். அதன் இனத்தில் எளிதில் பற்றாதது அதுவே. ஆனால் ஈத்தேன், புரோப்பேன், பியூட்டேன் ஆகிய கனமான ஹைட்ரோகார்பன்கள் சில விழுக்காடு கலந்தாலே அந்தத் தயக்கம் வெகுவாகக் குறையும். மீத்தேன் தானே பற்றும் வெப்பநிலையைச் சில கையேடுகள் 537° செ. என்றும் வேறு சில 600°-ஐ ஒட்டியும் தருகின்றன. கலத்தின் அளவும் அழுத்தமும் மாற, எண்ணும் மாறும்.

தானாகத் தீப்பற்றலை ஆராய்ந்த வரலாறு நிலக்கரிச் சுரங்கத்தில் தொடங்குகிறது. 1812 மே 25 அன்று இங்கிலாந்தின் ஃபெல்லிங் சுரங்கத்தில் கொள்ளிவாயு (பெரும்பாலும் மீத்தேன்) வெடித்து 92 பேர் மாண்டனர். அப்பகுதிப் பாதிரியார் ஜான் ஹாட்ஜ்சன் பின்னர் அந்த வாயுவைப் புட்டிகளில் அடைத்து லண்டனுக்கு அனுப்ப, 1815இல் ஹம்ஃப்ரி டேவி அதைச் சோதித்தார். செக்கச் சிவந்த இரும்புக் கம்பியை வாயுக் கலவைக்குள் நுழைத்தார், பற்றவில்லை. சிவக்கக் கனன்ற கரித்துண்டுக்கும் அது அசையவில்லை. இரும்பே பொறி பறக்க எரிந்தபோதுதான் வெடித்தது. இன்று எத்திலீன் எனப்படும் வாயுவோ, மங்கலாகச் சிவந்த இரும்புக்கே பற்றிக்கொண்டது. கம்பி வலைக்குள் சுடரை அடக்கிய அவரது விளக்கே பலரின் நினைவில் நிற்கிறது. ஆயினும் இரு கரிம அணுக்கள் கொண்ட வாயு மீத்தேனைவிட எளிதில் பற்றும் என்பதை ஒரு கம்பியின் நிறத்தைக் கொண்டே காட்டிய இச்சோதனையும் அதற்கு இளைத்ததன்று.

1880களில் பிரான்சின் மல்லார், லெ ஷாத்தலியே இருவரும், உரிய வெப்பநிலையை எட்டிய பின்னும் மீத்தேன் பற்றச் சற்று நேரம் எடுப்பதைக் கண்டனர். இந்தத் ‘தீப்பற்றல் தாமதம்’ சுரங்கங்களுக்கான பாதுகாப்பான வெடிமருந்துகளுக்கு அடிப்படையாயிற்று. அடுத்த அரை நூற்றாண்டில் வேதியியலர்களான செமியோனவும் ஹின்ஷெல்வுட்டும், ஒரு வினை அடுத்ததைத் தூண்டிக்கொண்டே போகும் சங்கிலி வினைக் கொள்கையை வளர்த்தனர் (நோபல் பரிசு, 1956).

மீத்தேனில் கரிமம்–ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 439 கிலோஜூல் வேண்டும். கனமானவற்றில் இது குறைவு. உடைந்து பிறக்கும் மெத்தில் எனும் தனி உறுப்புகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஈத்தேனாகிவிடுவதால் சங்கிலி தளர்கிறது. எத்தில், புரோப்பைல் உறுப்புகளோ சிதைந்து ஹைட்ரஜன் அணுக்களைத் தர வல்லவை. அவை ஆக்சிஜனைத் தாக்கிச் சங்கிலியைக் கிளைக்கச் செய்கின்றன. 1970களின் தொடக்கத்தில் அதிர்வலைக் குழாய்ச் சோதனை செய்தோர் சிலர், கலவை எளிதில் பற்றுவதற்குக் கனமானவை முந்தி எரிந்து தரும் வெப்பமே காரணம் என்றனர். 1979இல் ஆய்வாளர் வெஸ்ட்புரூக்கின் கணக்கீடு தனி உறுப்புகளை முன்னிறுத்தியது. இரண்டுக்கும் பங்குண்டு என்று கருதுவோரும் உள்ளனர்.

எஞ்சின்களில் தானாகத் தீப்பற்றல் ‘நாக்கிங்’ எனும் தட்டலாக வெளிப்படும். 1970களில் ஆஸ்திரியாவின் ஏவிஎல் நிறுவனம், எரிவாயு தட்டலை எவ்வளவு எதிர்க்கும் என்பதைக் காட்டும் மீத்தேன் எண்ணை வகுத்தது: மீத்தேனுக்கு 100, ஹைட்ரஜனுக்கு 0, ஈத்தேன் ஏறத்தாழ 44, பியூட்டேன் 10. ஐரோப்பாவில் 2015இல் வந்த தரநிலை குறைந்த அளவாக 65 என்கிறது. எஞ்சின் தயாரிப்பாளர் தரப்பில் 80 கேட்கப்பட்டது. திரவ எரிவாயுவை நெடுந்தொலைவு கொண்டுசெல்லும் கப்பல்களில் மீத்தேன் முந்தி ஆவியாவதால், தொட்டியில் எஞ்சியதன் மீத்தேன் எண் நாளுக்கு நாள் இறங்குகிறது.