சூரியனுக்கு டாப்ளர் ஸ்கேன் எடுத்த அமெச்சூர்

1/ மேகமலையில இருந்து கீழே பார்த்தா தெரியிற கம்பம் பள்ளத்தாக்கோட பச்சைக்கு யார் காரணம்னு கேட்டா, தேனிப் பக்கம் சின்னப் பிள்ளையும் பென்னிகுயிக்னு சொல்லும். அந்த அணைக்குக் கூடப்பிறந்த மாதிரி ஒண்ணு பள்ளத்தாக்குக்கு வடக்கே, பெரியகுளத்துக்கு மேலே பழனி மலையில இருக்கு. கொடைக்கானல் சூரிய ஆய்வகம். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/ 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்துல பல லட்சம் பேர் செத்தாங்க. அதுக்கப்புறம் ரெண்டு யோசனை சூடு பிடிச்சது. ஒண்ணு, மேற்கே ஓடுற பெரியாற்றைக் கிழக்கே திருப்புற பழைய திட்டம். இன்னொண்ணு, மழை ஏன் பொய்க்குதுன்னு தெரிஞ்சுக்க சூரியனையே தினமும் கவனிக்கிறது.

3/ மருத்துவர் பாஷையில சொன்னா முதலாவது சிகிச்சை, ரெண்டாவது நோயறிதல். 1895 அக்டோபர்ல கவர்னர் வென்லாக் முல்லைப்பெரியாறு அணையைத் திறந்து வைத்தார். அதே அக்டோபர்ல அதே வென்லாக் கொடைக்கானல் ஆய்வகத்துக்கும் அடிக்கல் நாட்டினார்!

4/ சரி, 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சூரியனை எப்படிப் பரிசோதிக்கிறது? ரத்தம் எடுக்க முடியாது, வெளிச்சம் மட்டும்தான் சாம்பிள். அதைப் பிரிச்சுப் படிக்கிறதுதான் நிறமாலையியல்.

5/ உங்களுக்கு இது புதுசு இல்ல. கொரோனா காலத்துல விரல்ல மாட்டின பல்ஸ் ஆக்ஸிமீட்டர் ஞாபகம் இருக்கா? சிவப்பு ஒளியை ரத்தம் எவ்வளவு உறிஞ்சுது, அகச்சிவப்பை எவ்வளவு உறிஞ்சுதுன்னு பார்த்து ஆக்ஸிஜன் அளவைச் சொல்லும். சூரிய ஒளியைப் பட்டகத்தால பிரிச்சா வானவில் நடுவே கறுப்புக் கோடுகள் வரும். ஒவ்வொரு தனிமமும் உறிஞ்சின இடம் அது. இரும்புக்கு ஒரு வரிசை, சோடியத்துக்கு ஒரு வரிசை. கைரேகை மாதிரி.

6/ இதுல இந்திய மண்ணுக்கு முன்பே பங்கு உண்டு. 1868 ஆகஸ்ட் 18 முழு சூரிய கிரகணத்தப்போ குண்டூர்ல ஜான்சன் என்ற பிரெஞ்சுக்காரர் சூரிய விளிம்பின் பிரகாசமான கோடுகளைப் பார்த்தார். ஹீலியம் என்ற தனிமத்தின் கதை தொடங்குறது அந்தக் கிரகணத்துலதான். பூமியில அது கிடைச்சது 1895-லதான்.

7/ இப்போ நம்ம ஹீரோ. ஜான் எவர்ஷெட், இங்கிலாந்துக்காரர். லண்டன்ல ஒரு கெமிக்கல் கம்பெனி வேலை. பிழைப்பு அது, ஆசை சூரியன். 1890-ல கென்லி என்ற ஊர்ல சொந்தமா ஆய்வகம் வைத்தார். 1894-ல ரான்யார்ட் என்ற நண்பர் இறக்கும்போது தன் 18 அங்குலத் தொலைநோக்கியை இவருக்கு எழுதி வைத்தார். நிறமாலைக் கருவிகளைத் தானே அமைத்து, கிரகணம் எங்கேயோ அங்கே போய்ப் பதிவு செய்தார். 1898 கிரகணத்துக்கு இந்தியாவுக்கும் வந்தார்.

8/ 1907-ல, 42 வயசுல, கொடைக்கானலுக்கு வேலைக்கு வந்தார். மனைவி மேரியும் அமெச்சூர் வானியலாளர். சூரிய விளிம்புல எழும் தீப்பிழம்புகளை ரெண்டு பேரும் சேர்ந்து ஆராய்ந்தார்கள்.

9/ 1908-ல அமெரிக்காவின் ஹேல், சூரியப் புள்ளிகள்ல காந்தப்புலம் இருக்குன்னு காட்டியிருந்தார். புள்ளின்னா நீர்ச்சுழி மாதிரி சுழலணும்னு எதிர்பார்ப்பு. எவர்ஷெட்டும் சுழற்சியைத்தான் தேடினார்.

10/ கர்ப்பிணிகளுக்கு டாப்ளர் ஸ்கேன் எடுக்கிறோமே, அதே தத்துவம். நம்மை நோக்கி வர்ற வாயுவோட கோடு நீலப் பக்கம் நகரும், விலகிப் போனா சிவப்புப் பக்கம். 1909 ஜனவரியில அவர் பார்த்தது சுழற்சி இல்ல. சூரிய விளிம்புக்குப் பக்கத்துல இருக்கிற புள்ளியில, சூரிய மையத்தைப் பார்த்த பக்கம் நீலம், விளிம்புப் பக்கம் சிவப்பு. அதாவது வாயு புள்ளியின் நடுவிலிருந்து வெளியே, கிடைமட்டமா ஓடுது!

11/ வேகம் நொடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர். ஒளியின் வேகம் 3 லட்சம். அப்போ கோடு நகர்ந்தது ஒன்றரை லட்சத்துல ஒரு பங்கு. அவ்வளவு சின்ன நகர்வை, அதுவும் எதிர்பார்த்ததுக்கு மாறா வந்ததை, தட்டின் பிழைன்னு தள்ளாம நம்பினார். இன்னைக்கும் உலகம் முழுக்க அதுக்குப் பேர் எவர்ஷெட் விளைவு.

12/ மழைக் கணக்கு? அது கைகூடல. சூரியப் புள்ளியை வச்சுப் பருவமழையைச் சொல்ல முடியல. ஆனா நூறு வருஷத்துக்கும் மேலான சூரியப் படங்கள் அங்கே சேர்ந்திருக்கு. சூரியன் நீண்டகாலத்துல எப்படி மாறுதுன்னு கேட்கிறவங்களுக்கு அது பழைய கேஸ் ஷீட்.

13/ நீங்களும் தொடங்கலாம். அட்டைப்பெட்டி, ஒரு பழைய சிடி, ரெண்டு பிளேடு விளிம்பு சேர்த்து மெல்லிய பிளவு. வெயில் பட்ட வெள்ளைச் சுவரைப் பாருங்க, கறுப்புக் கோடுகள் தெரியும். சிஎஃப்எல் பல்பைப் பாருங்க, தனித்தனிக் கோடா வரும். அடுத்த படி, கேமரா முன்னே மில்லிமீட்டருக்கு 100 கோடு உள்ள விளிம்புவிலகல் கீற்றணி. மேகமலை மாதிரி இருட்டான வானம் கிடைச்சா நல்லது, மொட்டை மாடியும் போதும். அபிஜித் நட்சத்திரத்துல ஹைட்ரஜன் கோடுகள், குளிர்ந்த திருவாதிரையில டைட்டானியம் ஆக்சைடு பட்டைகள்.

14/ ஒரே கண்டிப்பு: கருவியையோ கண்ணையோ நேரா சூரியன் பக்கம் திருப்பாதீங்க. விழித்திரைக்கு வலி தெரியாது. எரிஞ்சு முடிஞ்ச பிறகுதான் பார்வையில ஓட்டை தெரியும்.

15/ எவர்ஷெட் 1923-ல ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். போனதும் மறுபடி வீட்டிலேயே ஓர் ஆய்வகம் கட்டி சூரியனைப் பார்க்க உட்கார்ந்துட்டார். இறந்தது 1956-ல, 92 வயசுல. அடுத்த முறை கொடைக்கானல் போனா, படகுத்துறையோட திரும்பாம அந்த ஆய்வகத்துக்கும் ஒரு எட்டு போயிட்டு வாங்க.