சம்பளம் கொடுத்தவர் யார்?

வேதாகமத்தோடு கடல் கடந்து போய் ஆங்கிலம் கற்பித்தவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு அணியாக நிற்கிறார்கள். ஓர் அணிக்கு அவர்கள் தியாகச் சுடர்கள். மற்ற அணிக்கு அவர்களுடைய இலக்கணப் புத்தகம் தூண்டிலில் குத்திய புழு. சிறப்பு மலரில் எழுதும்போது முதல் அணியில் சேர்ந்துகொள்வதே மரபு. எனக்கு இரண்டிலும் மனம் ஒட்டவில்லை. அவர்களுடைய உள்ளத்தைத் துருவுவதைவிட, மாதக் கடைசியில் யாரிடம் சம்பளம் வாங்கினார்கள் என்று பார்த்தால் பல விஷயங்கள் விளங்கும்.

நமக்குப் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் கால்வைத்தது 1816இல். ஏழு ஆண்டுகளில், 1823இல், வட்டுக்கோட்டையில் டானியல் பூவர் தலைமையில் செமினரி எழுந்தது. ஆங்கிலம், கணிதம், வானியல் எல்லாம் அங்கே கற்பிக்கப்பட்டன. தமிழ் இலக்கியமும் பாடத்திட்டத்தில் இருந்தது. இலங்கை அரசின் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு வைத்து எண்ணத்தக்கது என்று அதைப் புகழ்ந்தார். ஆசிரியர்களின் சம்பளம் பாஸ்டன் நகரிலிருந்த அமெரிக்க போர்டு என்னும் மிஷன் சங்கத்திலிருந்து வந்தது. மாணவர் பலரின் சோற்றுக்கும் துணிக்கும் அமெரிக்க ஊர்களில் இருந்த கொடையாளிகள் பணம் அனுப்பினார்கள். பணம் கொடுத்தவரின் பெயரோ, அவர் விரும்பிய பெயரோ பிள்ளையின் பெயருக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது. கரோல் விசுவநாதபிள்ளை, ஆர்னால்ட் சதாசிவம்பிள்ளை என்ற பெயர்கள் அப்படி வந்தவை. சம்பளப் பதிவேடு மாணவனின் பெயரிலேயே ஏறிய விசித்திரம் இது.

பணம் தந்தவர்கள் பலனைக் கேட்கத்தானே செய்வார்கள்? போர்டின் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் 1855இல் நேரில் வந்தார். உள்ளூர்ச் சபைகள் தம்மைத் தாமே ஆள வேண்டும், தம் செலவைத் தாமே பார்க்க வேண்டும், தம் நெறியைத் தாமே பரப்ப வேண்டும் என்ற கொள்கை உடையவர் அவர். அது உயர்ந்த கொள்கைதான். ஆனால் வட்டுக்கோட்டையில் அவர் கண்டது, நல்ல ஆங்கிலம் படித்துவிட்டு அரசாங்க உத்தியோகத்துக்கும் கடல் கடந்த வேலைகளுக்கும் போய்விடும் இளைஞர் கூட்டம். ஊழியக்காரரை உண்டாக்கக் கொடுத்த பணம் குமாஸ்தாக்களை உண்டாக்குகிறது என்று கணக்குப் போட்டார். அந்த ஆண்டிலேயே செமினரி மூடப்பட்டது.

இரண்டே ஆண்டுகள் கழித்து, 1857இல், சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய முதல் பட்டத் தேர்வில் தேறிய இருவரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். ஒருவர் மேலே சொன்ன கரோல் விசுவநாதபிள்ளை. மற்றவர் சி.வை. தாமோதரம்பிள்ளை. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, மிஷன் கல்வியில் வளர்ந்து, பின்னர் சைவராக வாழ்ந்தவர் அவர். வீரசோழியம் 1881இல், தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885இல், கலித்தொகை 1887இல் என்று ஏட்டுச்சுவடிகளை அவர் அச்சேற்றியதைத் தமிழுலகம் அறியும். ஆண்டர்சனின் கணக்கில் இப்படிப்பட்டவர்கள் நட்டப் பத்தியில் வருவார்கள். அவர் காலத்தில், அவர் பொறுப்பில் இருந்து பார்த்தால் அந்தக் கணக்குத் தவறென்று சொல்லவும் முடியாது. ஆங்கிலக் கல்வி வேண்டும் என்று ஊரார் விடாமல் கேட்டதன் பயனாக 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது.

வட்டுக்கோட்டையார் ஆயுள் முழுவதையும் கொடுத்து வந்த மிஷனரிகள். இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் போய் ஆங்கிலம் கற்பிக்கும் கிறிஸ்தவ இளைஞர் என்ற வகைக்கு நல்ல எடுத்துக்காட்டுகள் மெய்ஜி கால ஜப்பானில்தான் கிடைக்கின்றன. அங்கே நிலைமை தலைகீழ்: சம்பளம் கொடுத்தது அழைத்த நாடுதான். கிறிஸ்தவத்தைத் தடைசெய்த அறிவிப்புப் பலகைகள் 1873இல்தான் தெருக்களிலிருந்து அகற்றப்பட்டன. அதற்கு முன்பே, 1871இல், குமாமோட்டோ பிரபுவின் ஆட்சி, லீராய் ஜேன்ஸ் என்ற முன்னாள் அமெரிக்கப் படைத்தலைவரைச் சம்பளம் கொடுத்து அழைத்துப் பள்ளியை ஒப்படைத்திருந்தது. எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில். சில ஆண்டுகள் சமயத்தைப் பற்றி வாய்திறக்காமல் இருந்துவிட்டு, பின்பு தம் வீட்டில் வேதம் வாசிக்க மாணவர்களை அழைத்தார். 1876 ஜனவரி 30 அன்று 35 மாணவர்கள் ஹனவோகா மலையில் கூடித் தங்கள் விசுவாசத்தை அறிக்கையிட்டுக் கையெழுத்திட்டார்கள். ஊர் கொதித்தது. ஜேன்ஸின் வேலையும் பள்ளியும் அந்த ஆண்டோடு முடிந்தன. அதே 1876இல் சப்போரோவின் வேளாண் கல்லூரிக்கு அரசுச் சம்பளத்தில் வந்த வில்லியம் கிளார்க் எட்டு மாதங்களே அங்கிருந்தார். ஒழுக்கம் கற்பிக்க வேதாகமம் இல்லாமல் முடியாது என்று அவர் பிடிவாதம் பிடிக்க, மேலதிகாரி குரோதா அரைமனதோடு இணங்கினார். கிளார்க் ஊர் திரும்பிய பிறகு கல்லூரியில் சேர்ந்த உச்சிமுரா கான்ஸோ, மூத்த மாணவர்களின் நெருக்குதலால்தான் கிறிஸ்தவ விசுவாச உடன்படிக்கையில் கையெழுத்திட்டதாகப் பின்னாளில் ஆங்கிலத்திலேயே எழுதினார். அதே உச்சிமுராதான் சபையும் குருமாரும் வேண்டாத கிறிஸ்தவ இயக்கம் ஒன்றை ஜப்பானில் தோற்றுவித்தவர். அனுப்பியவரும் அழைத்தவரும் எதிர்பாராத விளைச்சல்.

நான் சற்று நின்று பேச விரும்புவது இவர்களுக்குப் பின்னால் வந்த ஒருவரைப் பற்றி. வில்லியம் மெரில் வோரீஸ் 1880இல் கான்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர். கட்டடக் கலைஞராக வேண்டும் என்பது இளமைக் கனவு. கொலராடோ கல்லூரியில் படிக்கையில், 1902இல் டொரண்டோவில் நடந்த மாணவர் தொண்டர் இயக்க மாநாட்டுக்குப் போனார். சீனாவில் பணியாற்றிய மிஷனரி ஒருவரின் மனைவி பேசியதைக் கேட்டதும் கனவை மூட்டைகட்டி வைத்தார். அந்நாளில் ஜப்பானிய அரசுப் பள்ளிகள் ஆங்கில ஆசிரியர்களைத் தேடின, ஒய்.எம்.சி.ஏ. ஆள் பிடித்துக் கொடுத்தது. பள்ளி சம்பளம் தரும். பள்ளி நேரம் போக மற்ற நேரத்தில் ஆசிரியர் வேதபாட வகுப்பு நடத்திக்கொள்ளலாம். எந்த மிஷனுக்கும் கடன்படாத ஏற்பாடு என்பதால் வோரீஸுக்கு இது பிடித்துப்போயிற்று.

1905 பிப்ரவரியில், ரஷ்யாவோடு ஜப்பான் போரிட்டுக்கொண்டிருந்த நாள்களில், பீவா ஏரிக் கரையில் ஓமி ஹாச்சிமான் என்ற வணிகர் ஊருக்கு வந்து சேர்ந்தார். வயது 24. ஜப்பானிய மொழி தெரியாது. தலைமுறை தலைமுறையாகத் துணியும் கொசுவலையும் சுமந்துபோய் நாடெங்கும் விற்றுப் பெயரெடுத்த ஊர் அது. பௌத்தம் வேரோடிய ஊரும் கூட. பகலில் வணிகப் பள்ளியில் ஆங்கிலம். மாலையில் அவர் வீட்டிலேயே வேதபாட வகுப்பு.

பையன்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஏன் வந்தார்கள் என்பதை நாம் கண்களை அகலத் திறந்து பார்க்க வேண்டும். வணிகம் படிக்கிற பிள்ளைக்கு ஆங்கிலம் பிழைப்பு. வெள்ளைக்கார ஆசிரியர் ஒருவர் காசு வாங்காமல் மாலையெல்லாம் பேசத் தயாராயிருக்கிறார் என்றால் எந்தப் பிள்ளை வராது? சிலருக்கு வேதமும், சிலருக்கு உச்சரிப்பும், சிலருக்கு அந்நிய வீட்டின் உள்ளே எட்டிப்பார்க்கும் ஆசையும். வந்தவர்களே பிரித்துச் சொல்ல முடியாதபடி இவையெல்லாம் கலந்துதான் இருந்திருக்கும். பள்ளி மணி அடித்ததோடு ஆசிரியர் என்ற அதிகாரம் ஓய்ந்துவிடுவதுமில்லை. காலையில் மதிப்பெண் போடுகிற கைதான் மாலையில் வேதத்தைத் திறக்கிறது. வகுப்பு நேரத்துக்கு வெளியே என்ற விதி ஒப்பந்தத்துக்குப் போதும். மனச்சாட்சிக்குப் போதுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

வோரீஸ் எதையும் ஒளித்துச் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஊருக்கே தெரிய நடத்தினார். மாணவர்களுக்கென்று ஒய்.எம்.சி.ஏ. கட்டடம் ஒன்றைத் தாமே வரைந்து கட்டினார். மறைந்த நண்பர் ஒருவரின் நினைவாக எழுந்த அது 1907 தொடக்கத்தில் திறக்கப்பட்டது. பௌத்தர்களின் எதிர்ப்பும் அதே வேகத்தில் எழுந்தது. சில வாரங்களில் பள்ளி அவரை வேலையிலிருந்து நீக்கியது. காரணம் அந்த வேதபாட வகுப்புத்தான். கொதித்தெழுந்தவர்களைக் குறுகிய மனத்தினர் என்று மிஷன் நூல்கள் எளிதாகச் சொல்லிவிடும். பிள்ளையை வணிகம் படிக்க அனுப்பிய தகப்பன், அவன் வீட்டுப் பூசைமாடத்தின் முன் கும்பிட மறுப்பான் என்று எதிர்பார்த்திருக்க மாட்டான் அல்லவா? சம்பளம் கொடுத்த ஊருக்குக் கேள்வி கேட்கும் உரிமை இருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

இந்தக் கட்டத்தில் பெரும்பாலோர் கப்பலேறியிருப்பார்கள். வோரீஸ் போகவில்லை. சம்பளமில்லாமல் அதே ஊரில் தங்கினார். மூட்டைகட்டி வைத்த கட்டடக் கலையைப் பிரித்தெடுத்து, 1908இல் கியோட்டோவில் வேலை தொடங்கினார். முறையாக அத்துறையில் பட்டம் பெற்றவரல்லர். ஆனாலும் அவருடைய அலுவலகம் பள்ளி, தேவாலயம், வீடு, கடை என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களை வரைந்தது. கோபே கல்லூரியும் குவான்செய் காக்குயின் பல்கலைக்கழகமும் ஒசாக்காவின் டாய்மாரு கடையும் அதன் கைவண்ணம். கான்சாஸில் மென்தலேட்டம் களிம்பு செய்த ஏ.ஏ. ஹைட் என்பவரிடம் உரிமை பெற்று ஜப்பான் முழுவதும் அதை விற்றார். 1914இல் அவருடைய ‘கலிலேயா மாரு’ என்ற ஊழியப் படகு ஏரிக்கரைக் கிராமங்களுக்குப் போயிற்று. 1918இல் காசநோய் மருத்துவமனை எழுந்தது. 1919இல் அவர் மணந்த ஹிதொத்சுயானகி மாக்கிகோ பழைய பிரபு குடும்பத்துப் பெண், அமெரிக்காவில் படித்தவர். ஹாச்சிமானில் மழலையர் பள்ளியைத் தொடங்கி வளர்த்தவர் அவர்தான். வேலையை விட்டு நீக்கப்பட்ட ஆங்கில வாத்தியார் கடைசியில் அந்த ஊரிலேயே பலருக்குச் சம்பளம் கொடுக்கிறவரானார். 1941இல் ஜப்பானியக் குடிமகனானார். போர் முடிந்த 1945இல், முன்னாள் பிரதமர் இளவரசர் கொனோயேவுக்கும் அமெரிக்கத் தளபதி மெக்கார்தரின் தரப்புக்கும் இடையே தூது போனவர்களில் அவரும் ஒருவர். 1958இல் ஹாச்சிமான் நகரம் அவரைத் தன் கௌரவக் குடிமகனாக்கியது. 1964இல் காலமானார்.

இந்த வாழ்க்கையில் ஆங்கிலம் கற்பித்த காலம் இரண்டே ஆண்டுகள். அந்த இரண்டு ஆண்டுகளுக்கு முழுப் பொருள் வந்தது வேலை போன பிறகுதான். மாலை வகுப்பில் வந்து உட்கார்ந்த பையன்களில் சிலர் பின்னாளில் அவருடைய தொழிலுக்கும் பணிக்கும் தோள்கொடுத்தார்கள். அவரிடம் மதிப்பெண் பெற வேண்டிய தேவை அவர்களுக்கு அப்போது இல்லை. அந்த நட்பை நான் நம்புகிறேன்.

சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏற்பாடுகள் மாறின. 1958இல் பிரிட்டனில் அலெக் டிக்சன் தொடங்கிய வி.எஸ்.ஓ. தொண்டர் திட்டத்துக்கு வழிதிறந்தது போர்ட்ஸ்மத் ஆயரின் பெயரில் சண்டே டைம்ஸில் வந்த ஒரு கடிதம். ஆனால் திட்டம் சமயம் சாராதது. 1961இல் பிறந்த அமெரிக்காவின் பீஸ் கோர் அமைப்பிலும் மதம் பரப்பக் கூடாது என்பது விதி. இவற்றைவிட எனக்குச் சுவையாகப் படுவது சீனாவின் அமித்தி அறக்கட்டளை. பண்பாட்டுப் புரட்சி ஓய்ந்து தேவாலயங்கள் மீண்டும் திறந்த காலத்தில், ஆயர் திங் குவாங்ஷுன் முதலிய சீனக் கிறிஸ்தவர்கள் 1985இல் நான்ஜிங்கில் தொடங்கியது அது. வெளிநாட்டுச் சபைகள் ஆசிரியர்களை அனுப்பின. அவர்கள் பெய்ஜிங், ஷாங்காய் பளபளப்பை விட்டுத் தள்ளிச் சிறு நகரங்களின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளுக்குப் போனார்கள். எதிர்கால நடுநிலைப்பள்ளி ஆங்கில ஆசிரியர்கள்தான் அவர்களுடைய மாணவர்கள். தங்க இடமும் சிறிய சம்பளமும் கல்லூரி தரும். வகுப்பில் சமயப் பிரசாரம் கூடாது. 1994இல் வந்த அரசாணை, வெளிநாட்டவர் சீனக் குடிமக்களிடையே மதம் பரப்புவதைச் சட்டமாகவே தடுத்தது.

அப்படியானால் அங்கே கிறிஸ்தவராக இருப்பதற்கு என்ன பொருள்? கட்டுரை நோட்டுகளை நாள் தவறாமல் திருத்திக் கொடுப்பது, அதட்டாமல் பிழை சொல்வது, ஞாயிற்றுக்கிழமை ஊர்ச் சபையில் கடைசி வரிசையில் மற்றவர்களோடு உட்காருவது. ஏன் வந்தாய் என்று மாணவன் கேட்டால் உண்மையைச் சொல்வது. இதைக் கோழைத்தனம் என்று சொல்லும் கிறிஸ்தவர்கள் உண்டு. வாயில் ஆங்கிலமும் பையில் வேறு திட்டமுமாக, சுற்றுலா விசாவிலோ ஆசிரியர் விசாவிலோ போகிறவர்களும் உண்டு. அழைத்தவரின் விதியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுவிட்டு உள்ளே போய் மீறுவதை நற்செய்தியின் பெயரால் நியாயப்படுத்த என்னால் முடியாது. அதனால் வரும் தண்டனையும் பெரும்பாலும் உள்ளூர்ச் சபையின் தலையில்தான் விடியும்; வந்தவர் விமானமேறிவிடுவார்.

ஆங்கில ஆசிரியத் துறைக்குள்ளேயே இந்த வழக்கு வெளிப்படையாக நடந்திருக்கிறது. 2003இல் ஜூலியன் எட்ஜ், ஆங்கிலம் கற்பிப்பதை மதமாற்றத்துக்கு மறைவிடமாக்குகிறவர்களைக் கண்டித்து டெசால் காலாண்டிதழில் எழுதினார். விவாதம் சூடேறி, 2009இல் இரு தரப்பும் பேசும் நூலாக வந்தது. அதைத் தொகுத்த இருவர் மேரி ஷெப்பர்ட் வோங், சுரேஷ் கனகராஜா. கனகராஜா யாழ்ப்பாணத்தவர், 1994 வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். அமெரிக்கர் ஆங்கிலம் கொண்டுவந்த மண்ணிலிருந்து போய் அமெரிக்காவில் ஆங்கிலக் கல்வியைப் பற்றிப் பேசுகிறவர்.

அவர் யாழ்ப்பாணத்தில் பாடம் நடத்தியபோது வகுப்பில் புழங்கியது அமெரிக்க நிறுவனம் ஒன்று இலவசமாகக் கொடுத்த அமெரிக்கப் பாடநூல். விமான நிலையமும் அலுவலகமும் நகர வாழ்க்கையுமாக அதன் பக்கங்கள். போர் நடக்கும் ஊரில் உட்கார்ந்திருந்த மாணவர்கள் அந்தப் பக்கங்களின் ஓரங்களில் என்ன கிறுக்கியிருந்தார்கள் என்று அவர் ஆராய்ந்து 1993இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தமிழ்ச் சினிமாக் காதலும் விடுதலைப் போராட்டச் சின்னங்களும் அந்த ஓரங்களை நிறைத்திருந்தன. படத்திலிருந்த அமெரிக்கப் பாத்திரங்களுக்குத் தமிழ் வசனம் முளைத்திருந்தது. அதே மாணவர்கள் ஆங்கிலம் அவசியம் வேண்டும் என்றும் சொன்னார்கள்; தேர்வுக்கு வேண்டிய இலக்கணத்தைக் கேட்டு வாங்கிப் படித்தார்கள்.