அகமதாபாத்தின் பழைய மரவீடுகள்

சபர்மதி ஆற்றின் கீழ்க்கரையில் கி.பி. 1411ஆம் ஆண்டில் அகமது ஷா நிறுவிய அகமதாபாத் நகரில், ‘போள்’ எனப்படும் பழங்குடியிருப்புத் தெருக்கள் பல உள. ஒரு வாயிலுக்குள் நெருங்கி நிற்கும் அவ்வீடுகளுள் சிதைந்ததொன்றை விலைக்கு வாங்கிப் புதுக்க விரும்புவோர், முதலில் அதன் கட்டுமானத்தை அறிதல் வேண்டும்.

செங்கற்சுவரின் இடையிடையே மரச்சட்டங்களைப் பதித்துக் கட்டினர் பண்டைக் கொத்தரும் தச்சரும். நிலம் அதிரும்போது சுவரை இணைத்துப் பிடிப்பவை அச்சட்டங்களே. நடுவே வான் நோக்கிய முற்றம். பல வீடுகளில் அதன் கீழே மழைநீர்த் தொட்டி. அண்டை வீட்டுக்கும் பெரும்பாலும் பொதுச்சுவரே. ஆதலின் ஒன்றை இடித்தால் மற்றொன்று தளரும்.

இவை சீரழிந்ததேன்? 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம் குடியிருப்போரைக் காத்தது. எனினும் உயராத வாடகையைக் கொண்டு பழுதுபார்க்க உரிமையாளர் பலர் முன்வரவில்லை. வாரிசுகள் பெருகினர், வசதியுடையோர் ஆற்றின் மேல்கரைக்குப் பெயர்ந்தனர். செதுக்கு வேலைப்பாடமைந்த தூண்கள் தனியே கழற்றி விற்கப்பட்டன. 2017இல் இப்பழநகர் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. இந்திய நகரங்களுள் அச்சிறப்பை முதலில் பெற்றது இதுவே.

வாங்குவோர் வாரிசுகள் அனைவரின் ஒப்புதலையும் பெறுதல் வேண்டும். கரையான் அரித்த மரத்தை மட்டும் மாற்றிச் சுண்ணாம்புச் சாந்து பூசுதல் நலம்; சிமெண்டுப் பூச்சு ஈரத்தைச் சுவருக்குள்ளேயே அடைத்துவிடும்.

பிழைப்பு நாடி வந்த நம்முள் பலருக்கும் சொந்த ஊரில் பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீடு உண்டு. அதை இடிக்கவோ விற்கவோ துணியுமுன், இன்னும் உறுதியாய் நிற்பது எதுவென ஒருமுறை சென்று பார்த்து வருவோமாக.