1961-க்கு இட்ட கணக்கு

ஒரு நகரத்தின் வருங்கால நீர்த்தேவையை மதிப்பிடுவோர், ஜனத்தொகைக் கணக்கின் போக்கைக் கொண்டு இன்ன வருஷத்தில் இத்தனை பேர் என்று அனுமானித்து, தலைக்கு இவ்வளவு என்ற பிரமாணத்தால் அதைப் பெருக்கி, வரும் தொகைக்கேற்பக் குழாய்களையும் வடிகட்டிகளையும் அமைப்பது வழக்கம். சென்னைக்கு ஜே. டபிள்யூ. மேட்லி என்னும் பொறியாளர் வகுத்து, கீழ்ப்பாக்கத்தில் 1914-இல் செயலுக்கு வந்த திட்டமும் இவ்வழியே பிறந்ததுதான். 1961-இல் நகரத்தார் 6.6 இலட்சம் பேராவர் என்றும், ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 காலன், அதாவது ஏறத்தாழ 115 லிட்டர் வேண்டும் என்றும் அது கொண்டது. 1961-இன் கணக்கெடுப்போ 17.29 இலட்சம் என்றது.

இதைக் கொண்டு மேட்லியை நகைப்பது அநியாயம். 1901-இல் 5.09 இலட்சமாயிருந்த ஜனத்தொகை 1911-இல் 5.18, 1921-இல் 5.26 என்று நகர்ந்தது. பத்தாண்டுக்குச் சராசரியாக ஒன்பதாயிரம் பேர்கூடச் சரியாகக் கூடாத ஊருக்குச் சராசரி இருபத்தையாயிரம் வீதம் இடம் விட்டவரைத் தாராளமானவர் என்றே சொல்ல வேண்டும். ஆனால் 1931-இல் 6.47 இலட்சமாகி, முப்பதாண்டு முன்னரே அவருடைய எல்லையை நகரம் ஏறக்குறையத் தொட்டது, 1941-இல் 7.77 ஆகி, 1951-இல் 14.16 இலட்சமாயிற்று. இக்கடைசிப் பாய்ச்சலில் பிழைப்புத் தேடி வந்தோர் ஒரு பங்கென்றால், 1946-இல் சைதாப்பேட்டை முதலிய அண்டை ஊர்கள் நகர எல்லைக்குள் சேர்க்கப்பட்டதும் ஒரு பங்கு. பின்னதை எந்த வளைகோட்டிலும் முன்கூட்டிக் காண இயலாது. 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் வந்து சேர்ந்ததை மறப்பதற்கில்லை. எனினும் 1931-இன் தொகை கைக்கு வந்த அன்றே 1961 என்ற இலக்கு காலாவதியாகிவிட்டது என்பதே என் அபிப்பிராயம்.

இதைவிடப் பெரிய குறை, தேவையை ஓர் ஏட்டிலும் நீராதாரத்தை வேறோர் ஏட்டிலும் எழுதுவது. 1920-களில் மாம்பலத்து நெடிய ஏரியை வடித்து அதன் படுகையில் தியாகராய நகரை எழுப்பியபோது, குடியிருப்போர் தொகை கூடியதே கணக்கிற்கு வந்தது. சுற்றுவட்டத்துக் கிணறுகளுக்கு ஊற்றளித்த ஏரி போனது எக்கணக்கில் ஏறிற்று? (அந்நகரிலேயே மேட்லியின் பெயரால் ஒரு சாலை இருப்பது வேடிக்கைதான்.)

தற்காலத் தேவையாவது தெளிவா என்றால் அதுவுமில்லை. தியாகராய நகரின் ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தைப் பாருங்கள்: விடியற்காலையில் குடிநீர் வாரியத்தின் மெட்ரோ வாட்டர் சம்பில் விழும், துணி துவைக்கவும் கழிவறைக்கும் போர்த் தண்ணீர், கோடையில் போர் வற்றினால் தனியார் லாரி, குடிப்பதற்குக் கேன். நான்கு வழியாக வந்தாலும் வாரியத்தின் விநியோகக் கணக்கில் நேராக ஏறுவது முதலாவதே. அந்நகரின் கடைத்தெருவான ரங்கநாதன் தெருவுக்குப் பகலில் வந்து மாலையில் திரும்பும் ஜனத்திரளோ அங்கே குடியிருப்போர் கணக்கில் வராது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது, விநியோகம் குறைந்தது. மயிலாப்பூரில் சோறு வடிப்பதும் துணி துவைப்பதும் அதற்கேற்பக் குறைந்தனவா? விநியோகத்தையே தேவையாகக் கொள்ளும் மதிப்பீடு, பஞ்ச காலத்தை அளவுகோலாக்கிவிடும்.

கணக்கெடுப்புதோறும் மதிப்பீட்டைத் திருத்த வேண்டும் என்பேன். அப்படிப் பத்தாண்டுக்கொருமுறை கணக்கை மாற்றினால் பூமிக்குள் புதைத்த குழாயை என் செய்வது என்று பொறியாளர் கேட்பது நியாயமே. குழாய்களுக்கு முப்பதாண்டும் பம்புகளுக்குப் பதினைந்தாண்டும் திட்டக்காலமாக வைப்பது நம் நாட்டு வழக்கு. ஆகவே குழாயின் விட்டத்தை நிர்ணயிக்கையில் மேல்வரம்பையே கொண்டு, பம்பையும் வடிகட்டியையும் படிப்படியாகச் சேர்க்கலாம். பம்பு மாற்றும் முறை வரும்போதெல்லாம் புதிய ஜனத்தொகையோடு அப்பகுதிக் கிணறுகளின் நீர்மட்டத்தையும் அதே ஏட்டில் பதிந்து பார்ப்பதற்குப் பெருஞ்செலவொன்றும் ஆகாது.