பிள்ளையின் வளர்ச்சியில் பெற்றோரும் சூழலும்: அண்ணலின் இளமை தரும் பாடம்

பிள்ளையின் குணமும் அறிவும் பிறவியிலேயே அமைந்துவிடுவன என்று கருதுவோர் நம்மிடையே இன்னும் உள்ளனர். பேசத் தயங்கும் சிறுவனைக் கூச்ச சுபாவி என்கிறோம். பாடத்தில் பின்தங்கும் சிறுமியை மந்தபுத்தி என்கிறோம். முரண்டு பிடிப்பவனைப் போக்கிரி என்று ஒதுக்கிவிடுகிறோம். அப்பிள்ளை எத்தகைய வீட்டில் வளர்கிறது, எத்தெருவில் நடக்கிறது, வகுப்பில் எவ்விடத்தில் அமர்த்தப்படுகிறது என்று வினவ மறந்துவிடுகிறோம். இவ்வினாக்களை விடுத்து எந்தப் பிள்ளையையும் அளந்தறிய இயலாது என்பதை நம் வரலாறே உணர்த்துகிறது.

நம் தமிழ்நாட்டிலிருந்தே தொடங்குவோம். திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன் கோயமுத்தூரில் கல்வி பயின்ற காலத்தில், அங்கிருந்த ஏறத்தாழ 400 மாணவர்களுள் மிகப் பெரும்பாலோர் உயர்சாதியினர். தம் சாதியும் இருப்பிடமும் பிறருக்குத் தெரிந்துவிட்டால் இழிவாக நடத்துவார்களே என்றஞ்சி, அவர் எவருடனும் பழகாதிருந்தார். பள்ளி மணி அடிக்கும்வரை வெளியே அமர்ந்து படிப்பார். மாலையில் பிற மாணவர் தம்மை எட்டிப்பிடிக்காதவாறு விரைந்து வீடு சேர்வார். பிள்ளைகளோடு கூடி விளையாட முடியாத துயரை, 1939இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்று நூலில் அவரே பதிவு செய்துள்ளார். அச்சிறுவனை அன்று கண்டவர் அவரது ஒதுக்கத்தை இயல்பான குணமென்றே எண்ணியிருப்பர். அது சூழல் கற்பித்த அச்சம் என்பதை நாம் அறிவோம்.

சீனிவாசனுடன் 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதியாக அமர்ந்தவர் அண்ணல் அம்பேத்கர். 1891 ஏப்ரல் 14ஆம் நாள் மோவ் என்னும் இராணுவ நகரில் பிறந்த அவர், சதாராவில் பள்ளிக்குச் சென்ற காலத்தில், அமர்வதற்குத் தம் வீட்டிலிருந்தே ஒரு சாக்குத் துண்டைச் சுமந்து செல்ல வேண்டியிருந்தது. தண்ணீர்க் குழாயைத் தொட அவருக்கு உரிமையில்லை. பள்ளிச் சேவகர் வந்து திறந்துவிட்டாலன்றி, எவ்வளவு தாகமெடுத்தாலும் குடிக்க வழியில்லை. நாவிதர் முடி திருத்த மறுத்ததால், தமக்கையே அப்பணியைச் செய்தார். ஒரு குழந்தையின் உள்ளத்தில் தன்னைப் பற்றிய தாழ்வெண்ணத்தை விதைக்க இதனினும் வேறென்ன வேண்டும்?

ஆயினும் அவ்விதை வேரூன்றவில்லை. காரணம், அவ்வீடு. தந்தையார் இராம்ஜி சக்பால் இராணுவத்தில் சுபேதார். இராணுவப் பள்ளியில் தலைமையாசிரியராகவும் பணியாற்றியவர். அந்நாளில் இராணுவத்தார் குடும்பங்களில் கல்வி பரவியிருந்ததால், ஆண்களேயன்றிப் பெண்களும் எழுதப் படிக்கத் தெரிந்திருந்தனர். கபீர் நெறியில் நின்ற இராம்ஜி மதுவும் புலாலும் நீக்கியவர். இரவுதோறும் மகனை இதிகாசங்களை உரக்கப் படிக்கச் செய்து, குடும்பத்தாரைக் கூடியமர்ந்து கேட்கச் செய்தார். நம்மை இழிவுபடுத்தும் நூல்களை நாம் ஏன் படிக்க வேண்டும் என்று மகன் ஒருமுறை வினவினார். தீண்டப்படாதாராகப் பிறந்தவர்க்குத் தாழ்வு மனப்பான்மை வருவது இயல்பு. எளிய நிலையிலிருந்து உயர்ந்த துரோணரையும் கர்ணனையும் கண்டால் அம்மனப்பான்மை நீங்கும் என்பது தந்தையின் விடை. அந்நூல்களைப் பற்றி மகன் பின்னாளில் வேறு முடிவுக்கு வந்தார். ஆனால், தன் பிள்ளையின் மனத்தில் நேரக்கூடிய காயத்தை முன்னறிந்து மருந்து தேடிய அத்தந்தையின் தெளிவு நம் கவனத்திற்குரியது.

அவ்வீடும் துயரற்றதன்று. அன்னை பீமாபாய் இவருடைய இளம் வயதிலேயே மறைந்தார். அத்தை மீராபாயே வளர்த்தார். தந்தை மறுமணம் செய்துகொண்டது சிறுவனைக் கொதிப்படையச் செய்தது. பம்பாய்க்கு ஓடி ஆலைத் தொழிலாளியாகிவிட எண்ணி, அத்தையின் பணப்பையைத் திருடவும் துணிந்தார். பையில் இருந்ததோ அரையணா! வெட்கமுற்று, இனிக் கருத்தூன்றிப் படித்து விரைவில் தம் சொந்தக் காலில் நிற்பதென்று உறுதி பூண்டார். தனஞ்சய் கீர் எழுதிய வரலாற்றில் இச்செய்தி காணப்படுகிறது. பிள்ளையின் குற்றத்துக்குப் பின்னால் ஒரு வருத்தம் மறைந்திருக்கக்கூடும் என்பதைப் பெற்றோர் இதனால் அறியலாம்.

பின்னர்க் குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தது. பரேல் பகுதித் தொழிலாளர் குடியிருப்பில் சாமான்களும் புகையும் நிறைந்த ஒரே அறை. இரவில் மகனை முதலில் உறங்கச் செய்து, தந்தை இரண்டு மணிவரை விழித்திருந்து அவரை எழுப்பிவிடுவார். விளக்கொளியில் விடியும்வரை படிப்பு நடக்கும். மகன் விரும்பிய நூல்களை வாங்கப் பணமில்லாதபோது, மணமான தம் மகள்களிடம் நகைகளைப் பெற்று அடகு வைப்பார். எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலோ, ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைத்ததும், அதன் பின்னிருந்த உணவுப் பாத்திரங்களை எடுக்க மாணவர்கள் பாய்ந்தோடினர். வடமொழி கற்க விடவில்லை, பாரசீகம் பயின்றார். வெளியே அவமதிப்பு, உள்ளே அரவணைப்பு. இவ்விரண்டுக்குமிடையே 1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார்.

இங்கே ஓர் உண்மையை மறைத்தலாகாது. தந்தையின் தியாகம் மட்டுமே அவரைக் கொலம்பியா பல்கலைக்கழகம்வரை கொண்டு சேர்த்திருக்க முடியாது. ஆசிரியர் கிருஷ்ணாஜி கேலுஸ்கர் அச்சிறுவனைப் பூங்காவில் படிக்கக் கண்டு அன்பு பாராட்டினார். தாம் எழுதிய புத்தர் வரலாற்றை அளித்தார். பரோடா மன்னர் சயாஜிராவிடம் அழைத்துச் சென்றார். திங்கள்தோறும் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. 1913இல் தந்தை மறைந்தார். அவ்வாண்டிலேயே மகன் அமெரிக்கா சென்றார். வீடு ஊன்றிய பயிருக்குச் சமூகம் நீர் வார்க்க வேண்டியிருந்தது.

இதனை அண்ணல் நன்குணர்ந்திருந்தார். 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவி, அடுத்த ஆண்டே சோலாப்பூரில் மாணவர் விடுதி திறக்கச் செய்தார். 1945இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்தார். இராம்ஜியைப் போன்ற தந்தை வாய்க்காத பிள்ளைக்கும் படிக்க ஓர் இடம், ஒரு விளக்கு, அக்கறையோடு எழுப்பிவிட ஒருவர் வேண்டுமல்லவா? வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் பணியும் அதுவே.

ஆதலின் பெற்றோரை வேண்டுகிறோம்: மது வீட்டினுள் நுழைந்தால் புத்தகம் வெளியேறும். பிள்ளையின் படிப்பு நேரத்தில் வீட்டு வேலையைக் குறையுங்கள். பெண் பிள்ளைக்கும் அந்நேரத்தை மறுக்காதீர்கள். பள்ளியில் நடந்ததை நாள்தோறும் கேளுங்கள். அவமதிப்பு நேர்ந்திருந்தால், பொறுத்துப் போ என்று அடக்காமல் ஆசிரியரிடம் சென்று பேசுங்கள். இளைஞர்களே, படித்து முடித்தவர்களாகிய நீங்கள் உங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்கேனும் கேலுஸ்கராக நில்லுங்கள். பள்ளி மணி அடிக்கும்வரை வெளியே ஒதுங்கி நிற்கும் பிள்ளை ஒன்று நம் ஊரில் இன்றும் இருக்கக்கூடும். அதன் அருகில் சென்று முதலில் பேச வேண்டியவர்கள் நாமே.